மரம் ஏற என்னென்ன வேண்டும்

பாடாங் செராய்
19.5.2024

சுகுமாரன் அண்ணனுக்குத் தேவகி எழுதுவது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பிரித்திருப்பாய். இங்கே யாரும் சாகவில்லை. உன் மாப்பிள்ளை அதே கட்டிலில் படுத்து அதே சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சு இன்னும் வரவில்லை. வலது கை மட்டும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

இது சமாதானக் கடிதம் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் முனியாண்டி கோயிலில் சூடத்தை ஏற்றி, "எம் புருசனக் கீழ விட்ட எங்கண்ணனோட இனிமே ஒரு வார்த்த பேசமாட்டேன்"னு சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். நீயும் வாசலில் நின்று பார்த்தாய். அந்தச் சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று சாமியிடம் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். போன் போடாதே, எடுக்கமாட்டேன். வாட்ஸப்பும் ஆகாது. அதில் நீ வாய்ஸ் அனுப்பி அழுவாய், அதுவும் பேச்சில்தான் சேரும்.

விஷயம் இதுதான். நான் மரம் ஏறப்போகிறேன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற மணியம் முதலாளியின் அஞ்சு பெத்தாய் மரம் உனக்குத் தெரியும். கறிக்கு விற்கிற அந்த நீளக் காயைப் பறித்துக் கொடுத்தால் பாதி எங்களுக்கு, மரத்தைப் பார்த்துக்கொள்வதற்கு இந்த வீடு. இவ்வளவு நாள் பறித்த ஆள் லங்காவிக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான். போன வாரம் முதலாளி வந்து காரை விட்டு இறங்காமலே சொன்னார்: "ஜூன் கடைசிக்குள்ள காய் எறங்கலன்னா நான் கான்ட்ரெக்கு விட்டுருவேன் லா, தேவகி. அவன் ஆளுங்க தங்க வீடும் கேக்குறான்." கெட்ட மனுஷன் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வேலைக்கு நான் போக முடியாது. அவர் கையில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறேன். தண்ணீர் வேண்டுமென்றால் ஆட்டுவார், புரண்டு படுக்க வேண்டுமென்றால் ஆட்டுவார். அந்த மணி காதில் விழுகிற தூரம்தான் இப்போது என் ஊர். காலையில் கூலிம் ஃபேக்டரி பஸ் ரோட்டில் போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எட்டு வருஷம் அதில் எனக்கு ஒரு சீட்டு இருந்தது. பெத்தாய் மரம் மணிச் சத்தத்துக்குள் இருக்கிறது. மேலே இருந்தாலும் கேட்கும்.

நீ அவரோடு சேர்ந்து கூலிக்கு மரம் ஏறிக் கிளை வெட்டியவன். இப்போது இந்தச் சாமான் விற்கிற கடையிலேயே இருக்கிறாய். முதல் தடவை ஏறுகிறவளுக்கு என்னென்ன வேண்டும், எது மலிவு, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று எழுது. என்னிடம் அறுநூறு வெள்ளி இருக்கிறது. இன்னொன்று, கீழே ஆள் நின்று கயிறு பிடிக்கத் தேவையில்லாத வழியாகச் சொல். இனி யார் கையையும் நம்பி இந்த வீட்டில் யாரும் ஏறமாட்டார்கள்.

தேவகி


அலோர் ஸ்டார்
24.5.2024

அன்புள்ள தங்கச்சி தேவகிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். ஏறாதே என்று எழுதினால் நீ நாளைக்கே ஏறுவாய். அதனால் அதை எழுதவில்லை.

கடைக்கு மேலேயே ஓர் அறையில் இருக்கிறேன். மாப்பிள்ளை விழுந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு மரத்தையும் தொடவில்லை. மேல் தட்டில் இருக்கிற பெட்டியை எடுக்கக்கூட வேறு ஆளைக் கூப்பிடுவேன். கடை முதலாளி குலசிங்கம் ஐயா கேலி செய்வார்: "என்ன சுகுமாரன், மரமேற பெல்ட் விக்கிறாய், ஏணியிலை ஏற மாட்டாயோ?" சிரித்து வைப்பேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். இடுப்பும் தொடையும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட் ஒன்று, மரத்தில் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்றே வருவது. எங்கள் கடையில் மலிவானது இருநூற்று நாற்பது வெள்ளி. பழசு வாங்காதே, பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், வெயிலும் எண்ணெயும் நூலைத் தின்றிருக்கும். தாடையில் வார் கட்டுகிற ஹெல்மெட் எண்பத்தைந்து. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஆகாது, அதைப் போட்டுக்கொண்டு மேலே பார்க்க முடியாது. பன்னிரண்டு மில்லி கயிறு முப்பது மீட்டர் நூற்றுத் தொண்ணூறு. இரும்புக்கடையில் விற்கிற நீலக் கயிறு லோரி கட்டத்தான். பிறகு முடிச்சுக் கயிறு, நாற்பது. பெரிய கயிற்றில் அதைச் சுற்றிக் கட்டினால் கையால் தள்ளும்போது நகரும், உடம்பின் பாரம் விழுந்தால் இறுகி நிற்கும். கீழே ஆள் பிடிக்க வேண்டியதில்லை. நீ கேட்ட வழி அதுதான்.

பூட்டுக் கொக்கி மூன்று வேண்டும். ஒன்று பெரிய கயிற்றுக்கு, இரண்டு மரத்தைச் சுற்றி வருகிற இடுப்புக் கயிற்றுக்கு. ஒன்று நாற்பத்தைந்து.

மிச்சம் பிடிக்கிற இடமும் உண்டு. கயிற்றைக் கிளை மேல் போட மணல் பை விற்பார்கள், அதை வாங்காதே. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி மணல் நிரப்பித் தைத்துக்கொள். கையுறை பத்து வெள்ளிப் பருத்தியே போதும். காலுக்கு ரப்பர் சப்பாத்து உன்னிடம் இருக்கும்.

கூட்டினால் அறுநூறைத் தாண்டும். மேலே வருவதை நான் போட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதே. ஆள் பிடிக்கத் தேவையில்லை என்றாலும் தனியாக யாரும் ஏறுவதில்லை, தேவகி. கீழே ஒரு கண் வேண்டும்.

சுகுமாரன்


பாடாங் செராய்
30.5.2024

அண்ணனுக்கு,

வேண்டாம்.

உன் காசில் ஒரு நூல் இந்த வீட்டுக்குள் வராது. பெல்ட், ஹெல்மெட், கயிறு, முடிச்சுக் கயிறு நாலுக்கும் ஐந்நூற்று ஐம்பத்தைந்து வெள்ளியை உன் கடைக் கணக்குக்கு நேற்றே போட்டுவிட்டேன். ரசீதில் குலசிங்கம் ஐயா பெயர்தான் இருக்க வேண்டும், உன் பெயர் வேண்டாம். கொக்கி அனுப்பாதே, என்னிடம் இருக்கிறது.

மணல் பை தைத்துவிட்டேன். அவருடைய பழைய ஜீன்ஸில்தான் தைத்தேன். வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது, அப்புறம் அவர் இனிமேல் எங்கே ஜீன்ஸ் போடப்போகிறார் என்று வெட்டிவிட்டேன். முதலில் எறிந்ததில் பை கோழிக்கூண்டின் மேல் விழுந்து, மூன்று நாளாகக் கோழி முட்டையிடவில்லை. பத்தாவது தடவை ரம்புத்தான் மரத்தின் முதல் கிளை மேல் போய் விழுந்தது. நான் கை தட்டினேன். உள்ளே மணி அடித்தது. என்ன சத்தம் என்று கேட்கிறார் போல. தேங்காய் விழுந்தது என்று சொன்னேன். இந்த வீட்டில் தென்னை மரமே இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார்? மணியை ஆட்டுவார். வேறென்ன முடியும்? பெத்தாய் மரம் அவர் சன்னலுக்கு நேரே இருக்கிறது. ஏறுகிற அன்றைக்கு வெயில் அடிக்கிறது என்று சொல்லித் திரை போட்டுவிடுவேன். ரம்புத்தான் மரம் அடுப்படிக்குப் பின்னால் இருப்பதால் பழகுவதற்குத் தொந்தரவில்லை.

ராத்திரி பகல் நான் ஒருத்தியேதான் பேசிக்கொண்டிருக்கிறேன், அண்ணே. அவருக்குப் பேச்சில்லை, உன்னோடு எனக்குப் பேச்சில்லை. சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தாளில் இடம் இருந்தது, எழுதினேன்.

தேவகி


அலோர் ஸ்டார்
4.6.2024

அன்புள்ள தேவகிக்கு,

நாலு சாமானும் இன்று பார்சலில் போகிறது. ரசீது ஐயா பெயரில் இருக்கிறது. கயிற்றை முப்பது மீட்டரும் கையால் தடவிப் பார்த்துத்தான் கட்டினேன். அதற்கும் காசு கொடுப்பேன் என்று சொல்லிவிடாதே.

பெல்ட்டை முதலில் வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பழகு. தொடை வாருக்கும் தொடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் ஆபத்து. ஒரு வாரம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் ஏறாதே. தொங்கிப் பார், இறங்கிப் பார், மறுபடி தொங்கிப் பார். கால் தரையைத் தொடும் உயரத்தில் தப்புச் செய்தால் சிரித்துக்கொண்டு எழுந்துவிடலாம். கிளையைத் தட்டிப் பார். உள்ளே செத்த கிளை டப்பா மாதிரிச் சத்தம் போடும், அதன் மேல் கயிறு போடாதே. மழை பெய்த மறுநாளும் வேண்டாம். பெத்தாய்க் கொத்து கிளை நுனியில்தான் தொங்கும், அதற்காக நீ நுனிக்குப் போகாதே. நாற்பது அடியில் உட்கார்ந்து துறட்டியை நீட்டிப் பறி. எட்டாததை விட்டுவிடு, அணிலும் பிழைக்கட்டும்.

மேலே எப்போதும் இரண்டு பிடி இருக்க வேண்டும். பெரிய கயிறு ஒன்று, இடுப்புக் கயிறு ஒன்று. கிளை மாறும்போது பெரிய கயிற்றை அவிழ்த்து அடுத்த கிளையில் போட வேண்டியிருக்கும். அந்த அரை நிமிடம் உன் உயிர் முழுவதும் இடுப்புக் கயிற்றின் கொக்கியில்தான். அதனால்தான் கேட்கிறேன், உன்னிடம் இருக்கிற கொக்கி எது? மாப்பிள்ளையின் பழைய பெல்ட்டை ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்டார்கள். அதிலிருந்து வந்த பூட்டுக் கொக்கியா? அது எதுவும் வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. எந்தக் கொக்கி, எங்கே வாங்கியது என்று உடனே எழுது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

சுகுமாரன்


பாடாங் செராய்
8.6.2024

அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. உன் கயிறு நல்ல கயிறு. பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், திருவிழாவில் காவடிக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது. ரம்புத்தான் மரத்தில் மூன்று நாளாகத் தொங்குகிறேன். நேற்று பத்தடி ஏறி அங்கேயே உட்கார்ந்தேன். காற்று வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சொன்னால் நம்பமாட்டாய், ரெண்டு வருஷத்தில் அதுதான் நான் சும்மா உட்கார்ந்த முதல் அஞ்சு நிமிஷம். இறங்க மனசே வரவில்லை. அப்புறம் மணி அடித்தது.

கொக்கியைப் பற்றிப் போலீஸ்காரன் மாதிரி கேட்டிருக்கிறாய். அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அவருடைய கொக்கி ஒன்று தொலைந்துபோனது. புதிதாக வாங்குகிறேன், வாங்குகிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். நான்தான் பாடாங் செராய் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். பச்சைக் கலர், பளபளவென்று இருக்கும். பாக்கெட்டில் நாலு, பன்னிரண்டு வெள்ளி. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார், பாக்கி மூன்று அலமாரியில் அப்படியே இருந்தது. எனக்கு வேண்டியதும் சரியாக மூன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சும்மா நம்பிவிடவில்லை. ஒன்றில் பத்துக் கிலோ அரிசிப் பையை மாட்டி மூன்று நாள் தொங்கவிட்டேன். அசையவில்லை. அப்புறம் அந்தப் பையோடு அடுப்புக் கேஸ் தோம்பும் சேர்த்து மாட்டினேன். அதற்கும் அசையவில்லை. பழகும்போதும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

காய் இன்னும் பத்து நாளில் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

தேவகி


அலோர் ஸ்டார்
12.6.2024

தேவகி,

இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே அந்த மூன்று கொக்கியையும் எடுத்துக் கால்வாயில் வீசு. முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

அது ஆள் தொங்குவதற்குச் செய்தது இல்லை. சாவி மாட்ட, தண்ணீர்ப் புட்டி மாட்டச் செய்தது. பூட்டு இல்லை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எண் குத்தியிருக்காது. அரிசிப் பை அசையாமல் தொங்கும். மனுஷன் அப்படித் தொங்கமாட்டான், சாய்வான், திரும்புவான், கால் வழுக்கி ஒரு முழம் கீழே போய் நிற்பான். அந்த ஒரு முழத்தின் வேகத்தை அது தாங்காது. இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, கடையில் இருக்கிறேன், தெரியும்.

மூன்று பூட்டுக் கொக்கியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். காசுதான் பிரச்சினை என்றால் பெத்தாய் விற்றுக் கொடு. ஒரு வருஷம் கழித்துக் கொடு. என்னைத் திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சியதில்லை. நீ அந்தச் சூடத்தை அணைத்தபோதுகூடக் கெஞ்சவில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

சுகுமாரன்


பாடாங் செராய்
15.6.2024

அண்ணனுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை, கடை லீவு என்று நீ இங்கே வந்து நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதம் காலையில், நீ மத்தியானத்தில்.

கேட்டுக்கு வெளியே நின்று "தேவகி, அந்தக் கொக்கி"னு ஆரம்பித்தாய். நான் கதவைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்தேன். அதில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். நீ என்ன கத்தினாயோ, அந்த வெங்காயத்துக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாய். சன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இளைத்திருக்கிறாய். முடியெல்லாம் நரைத்துவிட்டது. சாப்பிடுகிறாயா இல்லையா?

நீ கேட்டில் மாட்டிவிட்டுப் போன பை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. காசு கொடுக்காத சாமானை நான் தொடமாட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போ.

நீ எதற்கு இப்படிப் பதறுகிறாய் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். உனக்குக் குற்ற உணர்ச்சி. எனக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் அது குறையும் என்று பார்க்கிறாய். குறையாது, அண்ணே. என் கொக்கியைக் குறை சொல்கிறாயே, அந்தக் கொக்கிக்குக் கை வலிக்காது, கவனம் தப்பாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் கையைவிட அதை நான் நம்புகிறேன். கொடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ அந்தக் கயிற்றை விட்ட நாளிலிருந்து நானும் அவரும் இந்த ரெண்டு அறைக்குள் கிடக்கிறோம்.

முதலாளி மறுபடி போன் போட்டார். வருகிற சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு ஏறுகிறேன். இனி எழுத வேண்டாம். ஏறிவிட்டு நானே எழுதுகிறேன்.

தேவகி


அலோர் ஸ்டார்
19.6.2024

தேவகி,

ஹரி ராயா ஹாஜி பெருநாள் விடுமுறையில் தபால் நின்று, உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். மணியம் முதலாளியிடம் சொல்லித் தடுக்கலாமா என்று யோசித்தேன். தடுத்தால் உனக்கு வீடு போகும். அதனால் வேறு வழியில்லாமல் இதை எழுதுகிறேன்.

என் கையிலிருந்து கயிறு நழுவவில்லை.

அன்றைக்குக் காலையில் கிளை வெட்டக் கூலிமில் அந்தத் தாமான் குடியிருப்புக்குப் போய் இறங்கினோம். மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டும்போது பச்சையாக ஒன்று மின்னியது. "என்ன மாப்ள, தோடு போட்டுக்கிட்டியா?"ன்னு கேட்டேன். "ஒங்க தங்கச்சி வாங்கிக் குடுத்தது லா மச்சான். பசார் மாலாம் சாமான்"னு சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் ஏறினார்.

கீழே நிற்பவன்தான் ஏறுகிறவனின் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும். அது என் வேலை. நான் பார்த்தேன், சிரித்தேன், அனுப்பினேன்.

தூங்குமூஞ்சி மரத்தில் இருபத்தைந்து அடியில் கிளை மாற வேண்டியிருந்தது. பெரிய கயிற்றை அவிழ்த்தார். அந்த அரை நிமிடம் என்று உனக்கு எழுதினேனே, அதுதான். சாய்ந்து கையை நீட்டினார். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். என் கையில் கயிறு இருந்தது, அதன் மறுமுனையில் அவர் இல்லை. கொக்கி வாய் வளைந்து புல்லில் கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ ஓடி வந்து, "அண்ணே, நீதானே கயிறு புடிச்சே? நழுவிடுச்சா?"ன்னு கேட்டாய். ஆமாம் என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை. நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் அந்த வாசலிலேயே உடைந்துபோவாய் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். கொக்கியைப் பற்றிச் சொன்னால், அதைப் பார்த்தும் நான் அவரை ஏறவிட்டது வெளியே வரும். கை தவறியது என்றால் மனுஷனுக்கு நடக்கிற ஒன்று. பார்த்துவிட்டுச் சிரித்தேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னைக் காப்பாற்றுகிற பொய்யில் நானும் ஒளிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை இதைச் சொல்லத்தான் வந்தேன். சன்னலில் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. அவர் காதில் விழும்படி அதைச் சொல்ல மனம் வரவில்லை. கொக்கி, கொக்கி என்றுதான் கத்த முடிந்தது.

உன் மேல் தப்பு இல்லை. உனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு ஆம்பிளைகள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அதை மாட்டிக்கொண்டு ஏறாதே, தேவகி. இதை எழுதிய பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, கேட்க இது ஒன்றுதான் இருக்கிறது.

சுகுமாரன்


பாடாங் செராய்
20.6.2024

அண்ணே,

குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். அவர் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான். மணி அடித்தது. போகவில்லை. மறுபடி அடித்தது. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் எழுந்து போகவில்லை.

அப்புறம் அலமாரியைத் திறந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் கையை விரித்தேன். "இதானா?"ன்னு கேட்டேன். பார்த்தார். விழுந்த நாள் அவருக்கு நினைவே இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. வலது கை மெல்ல வந்தது. என் விரலை ஒவ்வொன்றாக மடக்கி, கொக்கி தெரியாமல் மூடினார்.

ஆக அவருக்கும் தெரியும். ரெண்டு வருஷமாக அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே உன்னைத் திட்டியிருக்கிறேன். உன் கை அழுக வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அப்படித் திட்டும்போதெல்லாம் அவர் மணியை ஆட்டுவார். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் போகவில்லை. வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு பொய்யைக் கட்டிக் கொடுத்தீர்கள், நான் அதற்குள் குடியிருந்தேன். அந்தப் பாக்கெட்டை வாங்கும்போது கடைக்காரனிடம் பேரம் பேசி ரெண்டு வெள்ளி குறைத்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து அந்த ரெண்டு வெள்ளிதான் தலைக்குள் ஓடுகிறது. தப்பு இல்லை என்று நீ எழுதிவிட்டாய். எனக்கு அது உள்ளே இறங்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியவில்லை. இதைச் சொல்லி அழவும் எனக்கு இந்தக் கட்டிலை விட்டால் வேறு இடம் இல்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஓடிப் போகிற தூரத்தில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஏறப்போவதில்லை. மூன்று கொக்கியையும் சுத்தியலால் அடித்து நசுக்கிவிட்டேன். ரெண்டு அடிதான், பிளாஸ்டிக் மாதிரிப் பிளந்துகொண்டது.

ஆனால் ஏறித்தான் ஆக வேண்டும். முதலாளி மாசக் கடைசி வரைதான் பொறுப்பார், காயும் பொறுக்காது. கேட்டில் தொங்கிய பையை எடுத்துப் பிரித்துவிட்டேன். பூட்டுக் கொக்கி ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கிறது, பார்த்தேன். இதற்கான காசு பெத்தாய் விற்ற பிறகு.

வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, வா. கேட்டைத் திறந்து வைக்கிறேன். சத்தியத்தை என்ன செய்வதென்று கோயிலில் இன்னும் கேட்கவில்லை, அதனால் பேசுவேனா மாட்டேனா என்று இப்போது தெரியாது. பசியோடு வராதே, வந்தால் சோறு இருக்கும். திரை போடப்போவதில்லை. அவர் பார்க்கட்டும்.

நீ கீழே நில். ஏறுவதற்கு முன்னால் என் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு கொக்கியையும் முடிச்சையும் வாரையும் கையால் தொட்டுப் பார். நீ பார்த்து முடித்ததும் நான் ஒரு தடவை பார்ப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். யாரும் சிரிக்க வேண்டாம்.

தேவகி